வன்னி வளாகமொன்றில் ஒரு செமஸ்டருக்கான நிகழ்வுகளை எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் வன்னியிலுள்ள ஒரு வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பீட மாணவர் சங்கத்தின் செயலாளராகப் புதிதாகத் தெரிவாகியிருக்கிறார். ஒக்ரோபர் முதல் வாரம் தொடங்கும் செமஸ்டருக்கு ‘எதிர்வரும் நிகழ்வுகள்’ என்று ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். செயற்குழு 11 நிகழ்வுகளைச் சொல்லியிருக்கிறது: புதுமுக மாணவர் வரவேற்பு, சிரமதானம், மரநடுகை, இரத்ததான முகாம், தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு, நிரலாக்கப் போட்டி, கிரிக்கெட் சுற்றுப்போட்டி, வான்நோக்கு இரவு, கலை இரவு, சுற்றுலா, பொங்கல் விழா. போன முறை அறிவித்ததில் பாதி நடக்கவில்லை, நடந்ததற்கும் ஆள் சேரவில்லை. பட்டியலை எந்த வடிவில் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவர் கேள்வி. என் பார்வையில் அவருடைய சிக்கல் வடிவத்தில் இல்லை. அறிவித்த நாளில் அறிவித்த நிகழ்வு நடப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர் கேட்க வேண்டியது. அது சரியாக அமைந்தால் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினாலும் ஆள் வரும். மாணவர் சங்கங்களுக்கு அனுமதி, மண்டபம், கணக்கு என்று பின்னால் நின்று வேலை செய்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பீடத்தின் நடைமுறையும் சற்று வேறுபடும். படிவம், கையொப்பம் பற்றி நான் சொல்வதை உங்கள் உதவிப் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு செமஸ்டரில் விரிவுரை நடப்பது பெரும்பாலும் 15 வாரம். முதல் இரண்டு வாரம் நேரசூசி நிலைப்படாது, விடுதி மாற்றம், பாடப் பதிவு என்று ஓடும். ஏழாம், எட்டாம் வாரங்களில் இடைத்தேர்வுகள். கடைசி மூன்று வாரத்தில் ஒப்படைகளும் செய்முறைப் பரீட்சைகளும் குவியும். மிஞ்சுவது எட்டு வாரம், அதற்குள் அரசு விடுமுறைகளும் போயா நாட்களும் வரும். மண்டபம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. நவராத்திரி ஒக்ரோபரில் வந்தால் வாணி விழாவுக்கு அது போய்விடும், டிசெம்பரில் ஒளி விழா வரும், மற்றப் பீடங்களும் கேட்கும். இந்த எட்டு வாரத்துக்குள் ஒரே 10, 12 பேர் ஓடித் திரிந்து 11 நிகழ்வு செய்ய முடியாது. ஐந்து செய்யலாம். ஐந்தையும் நன்றாகச் செய்யலாம்.

எந்த ஐந்து என்பதை வன்னியின் காலநிலையே பாதி தீர்மானித்துவிடுகிறது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் மாரி தொடங்கும். நவம்பரும் டிசெம்பரும் கடும் மழை மாதங்கள். இந்த நாட்களில்தான் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிக் கரைக்கு வரும். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் நிலைகுலைய வைத்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் கிளிநொச்சிப் பக்கத் தாழ்நிலப் பாதைகளில் போக்குவரத்தே நின்றுபோவதுண்டு. ஆகவே கிரிக்கெட், வான்நோக்கு, திறந்தவெளிக் கலை இரவு, சுற்றுலா நான்கையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பெப்ரவரி, மார்ச்சுக்கு ஒதுக்குங்கள். கைவிட்டதாக எண்ண வேண்டாம், ‘அடுத்த செமஸ்டரில்’ என்று தனியே ஒரு வரி போடலாம். புதுமுக மாணவர் வரவேற்பின் நாளைச் சங்கம் தீர்மானிப்பதில்லை, பீடம்தான் தீர்மானிக்கும். அதை உங்கள் பட்டியலில் நாளோடு போடாதீர்கள். சிரமதானத்தை மரநடுகையோடு சேர்த்துவிடுங்கள். மிஞ்சுவது மரநடுகை, இரத்ததானம், கருத்தரங்கு, நிரலாக்கப் போட்டி, பொங்கல்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இல்லாத நாட்களையும் பாருங்கள். நவம்பர் 27 அன்றும் அதை ஒட்டிய நாட்களிலும், அடுத்த செமஸ்டரில் மே 12 முதல் 18 வரையிலும் வன்னியில் கொண்டாட்டம் எதையும் வைக்காதீர்கள். உங்களோடு படிப்பவர்களில் பலர் அந்த நாட்களில் போரில் இழந்தவர்களை நினைத்து வீட்டில் விளக்கேற்றும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கருத்தரங்குகூட அன்று வேண்டாம். நோன்பு மாதம் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகரும். 2027இல் அது பெப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்குவதால், அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிய விளையாட்டுகளுக்கு நாள் குறிக்கையில் அதைக் கணக்கில் எடுங்கள். மடுத் திருவிழா ஜூலை 2, ஓகஸ்ட் 15. அந்த நாட்களில் வவுனியா – மன்னார் வீதியில் ஓடும் பஸ்கள் நிரம்பி வழியும், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்துக்கு வெளியாட்களை அழைக்கும் நிகழ்வு அன்று சரிவராது. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வரும், முல்லைத்தீவுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2024இலும் 2025இலும் நவம்பரில் தொடங்கியது, அது எப்போது என்று ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். பரீட்சைக் காலத்தில் அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

கிழமையையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வைத்தால் ஆள் இருக்காது. தெற்கிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளும் மலையகப் பிள்ளைகளும் அன்றே பஸ் ஏறுவார்கள். சனி, ஞாயிறு வைத்தால் விடுதியில் மிஞ்சியிருப்பவர்கள் மட்டும் வருவார்கள். செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 4.30க்கு முடிப்பதுதான் பெரும்பாலும் பொருந்துகிறது. இது என் கணிப்பு. உங்கள் நேரசூசியில் எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் ஒரே நேரத்தில் விரிவுரை இல்லாத இரண்டு மணிநேரம் எங்கே இருக்கிறது என்று நான்கு ஆண்டுகளின் நேரசூசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுதான் சரியான விடை. 4.30 என்று நான் சொல்வதற்குக் காரணம் பஸ். பம்பைமடுவிலிருந்து நகருக்கும், கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலிருந்து ஏ9 வீதிக்கும் மாலையில் போவது வெளியே தங்கிப் படிக்கும் மாணவிகளுக்கு இலேசான காரியம் இல்லை. காட்டோரப் பாதையில் இருட்டிய பின் யானைப் பயமும் உண்டு. ஆறு மணிக்கு முடியும் நிகழ்வுக்கு அவர்கள் வரமாட்டார்கள். வராததற்கு அக்கறையின்மை காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அனுமதிக் கடிதத்தை நிகழ்வுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். வழமையான பாதை சங்கத்தின் சிரேஷ்ட பொருளாளர், அவரிடமிருந்து பீடாதிபதி, பிறகு பதிவாளர் அலுவலகம். ஒரு பக்கம் போதும்: நிகழ்வு, நாள், தொடங்கும் முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, வெளியாட்கள் யார் யார், செலவு எவ்வளவு, அந்தப் பணம் எங்கிருந்து, பொறுப்பான இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அனுமதி வந்ததும் நான்கு இடத்துக்குப் பிரதி கொடுங்கள்: பாதுகாப்புப் பிரிவு, மண்டபத்துக்குப் பொறுப்பானவர், மின்பராமரிப்பு, விடுதிப் பொறுப்பாளர்கள். நிகழ்வு நாளன்று குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று தவறிப்போவதால்தான். வாயில் காவலாளிக்கு வெளியாட்களின் பெயரும் வாகன இலக்கமும் எழுத்தில் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் பிரதம விருந்தினர் வாசலில் அரைமணி நேரம் நிற்பார். அனுசரணை தேடும்போது மது, புகையிலை நிறுவனங்களிடம் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. பணம் சங்கக் கணக்குக்கே வர வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்குக்கு வாங்கி, பிறகு பற்றுச்சீட்டு இல்லாமல் நின்றால், நேர்மையாகச் செலவழித்தவர்கூடப் பதில் சொல்ல முடியாமல் போவார்.

இனி மரநடுகை. நம் வளாகங்களில் இதை ஜூன் 5, உலக சுற்றாடல் தினத்தன்று வைக்கும் வழக்கம் இருக்கிறது. வன்னியில் மரம் நடுவதற்கு மிக மோசமான நாட்களில் அது ஒன்று. சோளகக் காற்று வீசி, மண் வெடித்து, அடுத்த நல்ல மழைக்கு நாலு மாதத்துக்கு மேல் இருக்கும் நேரம். படம் எடுத்துவிட்டு வந்த கன்று ஜூலைக்குள் கருகிவிடும். உங்கள் செமஸ்டர் ஒக்ரோபரில் தொடங்குவது இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. இரண்டு நல்ல மழை விழுந்து மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு, நான்காம் வாரமளவில் நடுங்கள். குழியை ஒரு வாரம் முன்பே வெட்டிவிட வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 சென்ரிமீற்றர். மேல் மண்ணைத் தனியே ஒதுக்கி, அதோடு நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு கூடை கலந்து குழியின் அடியில் போடுங்கள். உக்காத எரு சூடேறி வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும். பொலித்தீன் பையை முழுதாகக் கழற்றுங்கள், பையோடு நட்ட கன்று வேர் சுருண்டு இரண்டாம் வருடம் நின்றுபோகும். வேம்பு, மருது, இலுப்பை, புங்கை, நாவல் இந்த மண்ணுக்குப் பழகியவை. மருதை நீர் தேங்கும் பக்கத்திலும் வேம்பை மேட்டிலும் வையுங்கள். கட்டடத்திலிருந்து 6 மீற்றர் தள்ளி, கன்றுக்குக் கன்று 6 முதல் 8 மீற்றர் இடைவெளி.

அதைவிட முக்கியம் கட்டாக்காலி மாடும் ஆடும். வேலி இல்லாமல் நட்டால் மழை ஓய்வதற்குள் மேய்ந்து முடித்துவிடும். கன்றைச் சுற்றி நாலு தடி நட்டு, மாடு தலை நீட்டி எட்டாத அகலத்தில் கம்பி வலையோ முட்கிளையோ கட்டுங்கள், அந்தச் செலவையும் கன்றின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை 10 லீற்றர் தண்ணீர் வேண்டும். 50 கன்று என்றால் வாரம் 1,000 லீற்றர். உங்களிடம் குழாய் எட்டும் இடமும், பரீட்சை விடுமுறையில் ஊற்றுவதற்கு ஊரிலேயே இருக்கும் ஆளும் எத்தனை கன்றுக்கு இருக்கிறதோ, அத்தனை மட்டும் நடுங்கள். 50க்குப் பதில் 15 நட்டு 15உம் பிழைப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினால் தண்ணீர்த் தேவை குறையும், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு விரற்கடை விடுங்கள். வளாகத்துக்கு வெளியே நடுவதென்றால் காணி யாருடையது என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம், ‘துப்புரவாக்கியாச்சாம்’ என்று யார் வாயால் சொன்னாலும், கால் வைக்காதீர்கள். அதே நாள் காலை சிரமதானத்தைச் சேர்த்தால் வடிகாலும் கூரைப்பீலியும் பழைய டயரும் ஒழுங்காகும். டெங்கு நம் பக்கம் கூடுவது இந்த மழைக்குப் பிறகுதான்.

இரத்ததான முகாமை ஆறாம் வாரத்தில் வைக்கச் சொல்வேன். ஒரு மாத அவகாசத்தோடு மாவட்ட வைத்தியசாலை இரத்த வங்கிக்கு எழுத வேண்டும். ஜூன் 14, உலக இரத்ததான தினத்தை ஒட்டி எல்லோரும் முகாம் வைப்பார்கள். ஆனால் செங்குருதிக் கலங்களை ஐந்து, ஆறு வாரமே வைத்திருக்கலாம், குருதிச் சிறுதட்டுகளை ஐந்து நாள்தான். டெங்குக் காலத்தில் இரத்தம் தேவைப்படும்போது ஜூனில் கொடுத்தது கையில் இருக்காது. இரத்த வங்கிக்கு எந்த வாரம் தட்டுப்பாடு என்று அவர்களிடமே கேட்டு நாளை வையுங்கள். கொடுக்கக்கூடியவர் 18 வயதுக்கு மேல் 60க்குக் கீழ், எடை 50 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12க்கு மேல், கடைசியாகக் கொடுத்து நான்கு மாதம் கடந்திருக்க வேண்டும், தேசிய அடையாள அட்டையோ ஆளை உறுதிப்படுத்தும் வேறு ஆவணமோ கையில் இருக்க வேண்டும். இவை நிச்சயமானவை. அண்மையில் காய்ச்சல், மருந்து, பச்சை குத்தியது போன்றவற்றை வைத்தியர் அங்கே கேட்டு முடிவு செய்வார், அதை நீங்கள் முன்கூட்டித் தீர்ப்பளிக்க வேண்டாம். நான்கு மாத விதியால் இன்னொரு விளைவு உண்டு: பக்கத்துப் பீடம் செப்டெம்பரில் முகாம் நடத்தியிருந்தால் நவம்பரில் உங்களுக்கு அதே ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். இரு சங்கமும் பேசி ஆண்டுக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி: கேள்விக்கொத்து, வைத்தியருடன் பேச்சு, விரல் நுனிப் பரிசோதனை, பிறகு கட்டில். கட்டிலில் இரத்தம் எடுப்பது 10 நிமிடத்துக்குள் முடியும் என்றாலும் ஏறி இறங்கும் நேரத்தோடு ஒரு கட்டிலில் மணிக்கு நான்கு பேர்தான். ஐந்து கட்டில், ஐந்து மணிநேரம் என்றால் 100 பேர். 200 பேரை ஒன்பது மணிக்கே வரச்சொன்னால் பாதிப்பேர் பசியோடு வரிசையில் நின்று மயங்குவார்கள், மீதிப்பேர் திரும்பிப் போவார்கள். அரைமணிக்கு 10 பேர் என்று நேரம் பிரித்துக் கொடுங்கள். மயக்கம் வருவதற்குப் பெரிய காரணம் காலைச் சாப்பாடு இல்லாததும் இரவு தூங்காததும். விடுதிப் பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் தேநீரோடு வருவார்கள். முந்தைய நாள் செய்தியில் ‘சாப்பிட்டு, இரண்டு மூன்று கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்’ என்று எழுதுங்கள், அதோடு பதிவு மேசைக்குப் பக்கத்திலும் ஒருவர் அதைக் கேட்க வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் நடக்க விடாமல் அந்த இடத்திலேயே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். கொடுத்தபின் 15 நிமிடம் இருந்து, இனிப்பான பானமும் பிஸ்கட்டும் எடுத்த பிறகுதான் வெளியே விட வேண்டும். அன்றும் மறுநாளும் விளையாட்டுப் பயிற்சி, பாரம் தூக்கல் கூடாது. ஆகவே பீடங்களுக்கிடையிலான போட்டிக்கு முதல் நாள் முகாம் வைக்காதீர்கள்.

மாணவிகளில் கணிசமானோர் எடையாலோ ஹீமோகுளோபின் குறைவாலோ திருப்பி அனுப்பப்படுவார்கள். அவர்களை எல்லோர் முன்னாலும் ‘நீங்கள் முடியாது’ என்று அனுப்பாமல், வேறு வாசலால் சிற்றுண்டி மேசைக்கு அழைத்துச் சென்று அதே பானத்தைக் கொடுங்கள், இரும்புச் சத்துப் பற்றி அங்கே ஒரு தாதி பேசட்டும். இரத்தம் கொடுக்காதவருக்கு எந்த அழுத்தமும் இருக்கக்கூடாது, காரணம் கேட்பதும் கூடாது. முகாமில் எத்தனை பை சேர்ந்தது என்பதைப் பீடத்துக்குப் பீடம் போட்டியாக அறிவிப்பதை நான் விரும்பமாட்டேன். போட்டி வந்தால் உடல்நிலையை மறைத்துக் கொடுப்பவர்கள் வருவார்கள். அது கொடுப்பவருக்கும் ஆபத்து, பெறுபவருக்கும் ஆபத்து.

கருத்தரங்கைப் பற்றி அதிகம் இல்லை. ஒரு பேச்சாளர், 40 நிமிடம், பிறகு அரைமணி நேரம் கேள்வி. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் சேகரித்து அவருக்கு அனுப்பினால் பேச்சே வேறு தரத்தில் இருக்கும். கொழும்பிலிருந்து வருபவருக்கு ஒருவழிப் பயணமே ஐந்தாறு மணிநேரம். மழை நாளில் வரமுடியாமல் போனால் இணையவழியில் பேச வைக்க முன்கூட்டியே பரிசோதித்து வையுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர், பெயர் பெற்ற கொழும்புப் பேச்சாளரைவிடப் பயனாக இருப்பதை அடிக்கடி காணலாம். இங்கே எந்த வேலை கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

நிரலாக்கப் போட்டியில் தவறுவது மின்சாரம். சுவரிலுள்ள 13 அம்பியர் சொருகியொன்றில் கிட்டத்தட்ட 3 கிலோவாட்தான் எடுக்கலாம். 25 கணினிகளுக்கு ஒரே நீட்டிப்புக் கம்பி போட்டால் அது சூடேறும். கம்பியைச் சுருளில் வைத்துக்கொண்டே பயன்படுத்தினால் இன்னும் விரைவாகச் சூடேறி உறை உருகும், முழுதாக விரித்துவிடுங்கள். தேநீர்க் கேத்தல் தனியே 2 கிலோவாட் இழுக்கும். அதைக் கணினியோ ஒலிபெருக்கியோ இருக்கும் இணைப்பில் போட்டால் இடைவேளையில் எல்லாம் நின்றுபோகும். ஜெனரேற்றர் எடுப்பதாக இருந்தால் 5 கே.வி.ஏ. என்றால் 4 கிலோவாட் என்று எடுத்து, அதில் முக்கால்வாசி, அதாவது 3 கிலோவாட்டுக்குமேல் சுமத்தாதீர்கள். மழையில் அதைக் கூரையின்கீழ் வைக்கிறோம் என்று மண்டபத்துக்குள் வைத்துவிடக்கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும். வெளியே, தகரம் போட்டு, சன்னலிலிருந்து தள்ளி. ஒலிபெருக்கி வெளியே கேட்கும்படி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குமேல் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விழாவைத் தைப்பொங்கல் நாளில் வைக்காதீர்கள், அன்று பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அடுத்த வேலைநாளில் வையுங்கள். சிங்கள, முஸ்லிம் மாணவர்களும் அன்றுதான் வருவார்கள். 200 பேருக்கு ஆளுக்கு ஒரு சிறு தட்டு என்றால் பச்சையரிசி 10 கிலோ, வறுத்த பயறு இரண்டரைக் கிலோ, சர்க்கரை 8 முதல் 10 கிலோ, தேங்காய் 20, முந்திரிப்பருப்பும் பிளம்ஸும் அரைக் கிலோ வீதம். ஒரே கிடாரத்தில் 10 கிலோவையும் போட்டால் துழாவ முடியாமல் அடிப்பிடிக்கும். ஐந்தைந்து கிலோவாக இரண்டு கிடாரம், ஒவ்வொன்றும் 50 லீற்றர் கொள்வதாக, ஒவ்வொன்றுக்கும் தண்ணீரும் பாலுமாக 28 முதல் 30 லீற்றர். அரிசி குழைய வெந்தபின்தான் சர்க்கரை போட வேண்டும், முந்திப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, நறுக்கென்று நிற்கும். முற்றத்தில் கோலம் போட்டுப் புதுப்பானையில் பொங்குவது தனியே சிறிதாக நடக்கட்டும். ஜனவரியிலும் மழை பெய்யும். விறகை இரண்டு வாரம் முன்பே வாங்கி உள்ளே அடுக்குங்கள், ஈரவிறகில் 30 லீற்றர் பொங்காது. தேநீர் 100 பேருக்கு: தேயிலை கால் கிலோ, சீனி ஒரு கிலோ, பால்மா ஒரு கிலோ 200 கிராம், தண்ணீர் 16 லீற்றர். உணவில் எது சைவம், எது ஹலால் என்று மேசையில் எழுதி வையுங்கள்.

ஆள் சேர்ப்பதற்கு வருவோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் பழக்கம் உங்கள் வளாகத்தில் இருந்தால் இந்தத் தடவையோடு நிறுத்துங்கள். வராதவரைப் பெயர் குறித்து மிரட்டுவது, தண்டனை போல வேலை கொடுப்பது எல்லாம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்துக்குள் வரக்கூடியவை. மண்டபம் நிறைந்து தெரியும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரைப் பிடித்து, அவருக்கு நிகழ்வில் உண்மையான ஒரு வேலையைக் கொடுங்கள். வேலை உள்ளவர் தன் நண்பர்களோடு வருவார். அறிவித்தலைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள், மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் மாணவரே செய்யட்டும். நாள், கிழமை, நேரம், இடம், முடியும் நேரம், சாப்பாடு உண்டா இல்லையா, தொடர்புக்கு யார்: இவை ஏழும் படத்தின் அலங்காரத்துக்குள் மறையாமல் தெரிய வேண்டும். கூகுள் படிவத்தில் ‘வருவேன்’ என்று பதிந்தவர்களில் பாதிப்பேர் வருவார்கள் என்று வைத்துச் சமையுங்கள். இது வெறும் மதிப்பீடுதான். முதல் நிகழ்வில் உங்கள் சொந்த விகிதத்தைக் கணக்கெடுத்து இரண்டாவதற்கு அதைப் பாவியுங்கள்.

பட்டியலில் ஒரு நிகழ்வுக்கு நாள் போடுவதற்கு முன் மூன்று கையில் இருக்க வேண்டும்: மண்டபப் பதிவின் பிரதி, பொறுப்பான இருவரின் ஒப்புதல், செலவில் பாதிப் பணம். மூன்றும் இல்லாததை ‘நாள் பின்னர்’ என்று எழுதுங்கள், மாதத்தைக்கூடப் போடாதீர்கள். திறந்தவெளி நிகழ்வு எதற்கும் மாற்று நாளையும் அதே வரியில் போடுங்கள். நிகழ்வு தள்ளிப்போனால் தெரிந்த அன்றே, முதலில் அறிவித்த அதே குழுவில், காரணத்தோடு சொல்லுங்கள். மண்டபம் மறுபடி உறுதியாகும்வரை புதிய நாள் சொல்ல வேண்டாம். முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, தொலைபேசி இலக்கங்கள், என்ன எத்தனை மிஞ்சியது என்ற குறிப்பு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த ஆண்டுச் செயலாளர் யாரென்று தெரிவதற்கு முன்பே சிரேஷ்ட பொருளாளரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். பெப்ரவரிக்குத் தள்ளிய நான்குக்கும் மண்டபமும் மைதானமும் கேட்கும் கடிதத்தை டிசெம்பர் விடுமுறைக்கு முன் எழுதுங்கள், ஜனவரியில் மற்றவர்கள் முந்திவிடுவார்கள். வான்நோக்கு இரவுக்கு அமாவாசையை ஒட்டிய வாரநாளைக் கேளுங்கள். மே மாதத்துக்குப் போனால் 12 முதல் 18 வரையான நாட்களைத் தவிர்த்து வையுங்கள், அந்த மாதம் இரவு 9 மணியளவில் தென்சிலுவை நம் தெற்கு வானில் 20 பாகை உயரத்தில் நிற்கும். மரங்கள் மறைக்காத, தெற்குப் பக்கம் திறந்த இடமாகப் பார்த்து இப்போதே ஒரு மாலை போய்க் குறித்துக்கொள்ளுங்கள்.